தலையில் அடிபட்ட பிறகு ‘மறுபடி அடிபட்டுடுமோ’ என்ற பயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக்கிலிருந்து விழுந்தோ, படியில் வழுக்கியோ, மைதானத்தில் மோதியோ தலையில் அடிபட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்படுவது கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி. சில வாரத்தில் அது ஆறிவிடுகிறது. ‘இன்னொரு அடி பட்டால் என்ன ஆகும்’ என்ற பயம் மட்டும் பலருக்குத் தங்கிவிடுகிறது. அப்படிப் பயந்து வருபவர்கள் கேட்பதை அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறோம். முதல் ஐந்து கேள்விகள் எல்லாருக்கும் பொது. அவற்றைப் படித்துவிட்டுப் பின்னால் உள்ளவற்றுக்குப் போங்கள்.

1. ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஏன் தலை வலிக்குது, கிறுகிறுன்னு வருது?

சி.டி. ஸ்கேன் தேடுவது இரத்தக்கசிவு, வீக்கம், மண்டையோட்டு விரிசல் ஆகியவற்றைத்தான். கன்கஷனில் பெரும்பாலும் இவை எதுவும் இருக்காது. தலை சட்டென்று குலுங்கும்போது மூளையின் நரம்பு இழைகள் இழுபடுகின்றன. செல்களுக்கு உள்ளும் வெளியிலும் உள்ள உப்புகளின் சமநிலை கலைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிக சக்தி வேண்டும், ஆனால் அந்த நேரத்தில்தான் இரத்த ஓட்டம் சற்றுக் குறைகிறது. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சத்தில் கண் கூசுவது, மறதி, எரிச்சல் எல்லாம் இந்தப் பற்றாக்குறையால் வருபவை. ஸ்கேனில் தெரியவில்லை என்பதற்காக நீங்கள் கற்பனை செய்கிறீர்கள் என்று அர்த்தமில்லை.

பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்திலும், பிள்ளைகளுக்கு நான்கு வாரத்திலும் இது அடங்கிவிடும்.

2. எதுக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? எனக்கு எல்லாமே ஆபத்தாத் தெரியுது.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்: திரும்பத் திரும்ப வாந்தி, நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் பலம் குறைவது, ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாவது, இரண்டிரண்டாகத் தெரிவது, எழுப்பினாலும் எழாத மயக்கம், ஆளையோ இடத்தையோ குழப்பிக்கொள்வது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிவது. ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் அவசரம் இல்லை. கையில் பட்டியல் இருப்பவர்கள் நள்ளிரவில் இணையத்தில் தேடிப் பயத்தைக் கூட்டிக்கொள்வதில்லை.

65 வயதைத் தாண்டியவர்களும், வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் சின்ன அடியானாலும் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். வயதானவர்களுக்கு மூளைமேல் மெதுவாக இரத்தம் சேர்ந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து நடை தள்ளாடுவதும் பேச்சு மாறுவதும் உண்டு. அதை ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள்.

3. எத்தனை நாள் இருட்டு ரூம்ல படுத்துக் கிடக்கணும்? தூங்கவே விடக்கூடாதுன்னு வேற பாட்டி சொல்றாங்க.

டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தாராளமாகத் தூங்கலாம், தூங்கவும் வேண்டும். இருட்டறை வைத்தியம் பழைய பழக்கம். முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டுக்குள் இலேசான நடமாட்டம், குறைவான செல்போன், அவ்வளவுதான். பிறகு நடக்க ஆரம்பிக்க வேண்டும். வாரக்கணக்கில் படுத்தே இருப்பவர்களுக்கு உடம்பு தளர்கிறது, தூக்கம் கெடுகிறது, தலைக்குள் என்ன நடக்கிறது என்று கவனிப்பதே முழுநேர வேலையாகிவிடுகிறது. பயம் வேரூன்றுவது அங்கேதான்.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆரம்பிக்கும் முன் தலைவலிக்கோ கிறுகிறுப்புக்கோ 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். நடக்கும்போது அது 2 வரை கூடி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பிரச்சினை இல்லை, தொடரலாம். அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் வேகத்தைக் குறைத்துச் செய்யுங்கள். 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மூளை அதிர்ச்சி நிபுணர்கள் வகுத்த அளவு இது. விளையாட்டு வீரர்களுக்காக எழுதப்பட்டாலும் மற்றவர்களுக்கும் பொருந்தும். நடக்கும்போது தலை கொஞ்சம் வலித்தால் மூளை சேதமாகிறது என்று பொருளில்லை.

4. ரெண்டாவது தடவை அடிபட்டா ஆளே போயிடுவாங்கன்னு யூடியூப்ல பார்த்தேன். உண்மையா?

அந்த வீடியோக்கள் சொல்வது ‘செகண்ட் இம்பாக்ட் சிண்ட்ரோம்’ பற்றி. முதல் கன்கஷன் ஆறுவதற்குள் இன்னொரு பலமான அடி பட்டு, மூளை திடீரென்று வீங்கிவிடும் நிலை. உயிரைப் பறிக்கக்கூடியது, ஆனால் மிக மிக அரிது. பெரும்பாலும் அறிகுறிகளை மறைத்துக்கொண்டு மறுபடி களத்தில் இறங்கிய இளம் வீரர்களிடம் பதிவானது.

அதனால் எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். அறிகுறிகள் இருக்கும்வரை, முக்கியமாக முதல் சில வாரங்கள், தலையில் அடிபட வாய்ப்புள்ள வேலையைத் தள்ளிப்போடுவது சரியான எச்சரிக்கை. அறிகுறிகள் போய், டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு, மாதக்கணக்கில் அதே எச்சரிக்கையைத் தொடர்வது பாதுகாப்பைக் கூட்டுவதில்லை. பயத்தைத்தான் வளர்க்கிறது.

5. ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப வர்றது அடியோட விளைவா, பயமா? எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

இரண்டுக்கும் அறிகுறிகள் ஒன்றுதான் என்பதுதான் சிக்கல். கிறுகிறுப்பு, தலைப்பாரம், மறதி, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் பதற்றத்திலும் வரும். எனவே நேரத்தைப் பாருங்கள். ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: மணி, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன் மனதில் என்ன ஓடியது. வண்டிச் சாவியைக் கையில் எடுத்ததுமே தலை சுற்றினால் அது பயம். காய்கறி வாங்க நடந்துவிட்டு வந்தபின் எந்த யோசனையும் இல்லாமல் தலைவலி வந்தால் அது உடம்பு.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு, அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். படுக்கையில் புரளும்போது அறையே சுழன்று ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால், உள்காதில் உள்ள சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். காது-மூக்கு-தொண்டை டாக்டரோ பயிற்சி பெற்ற பிசியோவோ ‘எப்ளி’ முறையில் தலையைத் திருப்பித் திருப்பி, பெரும்பாலும் ஓரிரு அமர்விலேயே சரிசெய்துவிடுவார்கள். பிடரியில் கிளம்பி முன்பக்கம் ஏறும் வலி, கழுத்துச் சுளுக்கால் இருக்கலாம். இவற்றை மூளை பாதிப்பு என்று நினைத்து மாதக்கணக்கில் பயந்து கிடப்பவர்கள் ஏராளம். நான்கு வாரம் தாண்டினால் காது, கண், கழுத்து மூன்றையும் சோதித்துவிடுங்கள்.

6. நேத்து நிலைப்படில நெத்தி இடிச்சுக்கிச்சு. அதுலேர்ந்து நெஞ்சு படபடங்குது. மறுபடி கன்கஷனா?

கன்கஷனுக்கு மூளை குலுங்க வேண்டும். நிலையில் நெற்றி இடிபடும்போது தோல் வலிக்கும், புடைக்கும்; தலை விசையோடு பின்னுக்குப் போவது அபூர்வம். இடிபட்டால் இப்படிச் செய்யுங்கள். உட்காருங்கள். இடித்ததற்கு முன்னும் பின்னும் நடந்தது ஞாபகம் இருக்கிறதா, கொஞ்ச நேரமாவது நினைவு மங்கியதா, தடுமாறினீர்களா என்று ஒரே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கேள்வி 2-ன் பட்டியலைப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் துணியில் ஐஸ் சுற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்புங்கள். ஒரு நாள் முழுக்க வழக்கம்போல இருங்கள். புதிதாகத் தலைவலி, குமட்டல், குழப்பம் வந்தால் மட்டும் டாக்டரிடம் போங்கள். முதல் கன்கஷன் இன்னும் ஆறவில்லை என்றால் அன்றே காட்டிவிடுவது நல்லது.

செய்யக்கூடாதது: மணிக்கொருமுறை கண்ணாடியில் பாவையைப் பார்ப்பது, புடைப்பை அமுக்கிப் பார்ப்பது, ‘நான் சரியாப் பேசுறேனா’ என்று வீட்டில் எல்லாரிடமும் கேட்பது. ஒவ்வொரு சோதனையும் ஐந்து நிமிட நிம்மதியைத் தந்துவிட்டு அடுத்த சோதனைக்கு ஏங்க வைக்கும்.

7. தலைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கலாமா? பஸ் ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப் போட்டா மூளை குலுங்காதா?

தையல் பிரித்துக் காயம் ஆறியிருந்தால் குளிக்கலாம். முதல் சில வாரம் மட்டும் தலையைச் சட்டென்று கவிழ்க்காமல், உட்கார்ந்தபடி மெதுவாகத் தேய்த்துக் குளியுங்கள். குனிந்து நிமிரும்போது வரும் கிறுகிறுப்பு விழவைத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான். கோலம் போடுவதற்கும் இதே விதி.

பஸ்ஸின் குலுக்கல் கன்கஷன் உண்டாக்கும் அளவு இல்லை. கடைசி சீட்டில்தான் அதிகம் தூக்கிப் போடும், ஆரம்பத்தில் நடுவில் உட்காருங்கள். பிறகு அந்தத் தேர்வையும் விட்டுவிடுங்கள்.

8. மறுபடி வண்டி ஓட்டணும், ஆபீஸ் போகணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

முதலில் தகுதி. வேகமாக இடம் வலம் திரும்பிப் பார்த்தால் தலை சுற்றக்கூடாது. இரட்டையாகத் தெரியக்கூடாது. பகலில் தூக்கம் தள்ளக்கூடாது. கிறுகிறுப்புக்குத் தரும் சின்னாரிசின், பதற்றத்துக்குத் தரும் குளோனசெபம் ஆகியவை தூக்கத்தைத் தரும். வலிப்பு வந்திருந்தால் டாக்டர் சொல்லும்வரை ஓட்டவே கூடாது. இவை சரியாக இருந்து டாக்டரும் ஒப்புக்கொண்டால், படிப்படியாக ஏறுங்கள்.

முதல் படி, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஹெல்மெட் மாட்டி, என்ஜின் அணைத்தபடி பத்து நிமிடம் உட்காருவது. இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்ப்பது. அடுத்தது, என்ஜின் ஓட அதே பத்து நிமிடம். பிறகு ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் காலி மைதானத்தில் முதல் கியரில் வட்டம், எட்டு; 20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தும் பழக்கம். முன் பிரேக்கால் மணலில் சறுக்கி விழுந்தவர்கள் அதைத் தொடவே பயந்து பின் பிரேக்கை மட்டும் நம்புவார்கள். நிறுத்த அதிக தூரம் பிடிக்கும், ஆபத்து கூடும். இந்தப் படியில் நாலைந்து நாள் கூடுதலாகச் செலவழித்தாலும் நட்டமில்லை. அதற்குப் பிறகு தெருக்கள், கூட்டமில்லாத நேரத்தில் மெயின் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர், சிக்னலில் வலது திருப்பம், ஆபீஸ் நேர நெரிசல், விழுந்த அதே இடம். இரவும் மழையும் கடைசியில்.

ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் இரண்டு வரி எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள், பயம் பத்துக்கு எவ்வளவு. முடித்ததும் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்குத் திரும்பாதீர்கள். ஓரமாக நிறுத்தி, அங்கேயே இருந்து, அது பாதியாகக் குறைந்த பிறகு திரும்புங்கள். கிளம்பும்போதே 3 அல்லது அதற்குக் கீழ் வந்ததும் அடுத்த படி. வாரத்தில் மூன்று நான்கு நாளாவது செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவது போலாகிவிடும். பின்சீட்டில் உட்கார்ந்து பழகச் சிலர் சொல்வார்கள். கட்டுப்பாடு கையில் இல்லாததால் பலருக்கு அதுதான் அதிக பயம். கட்டாயமில்லை.

கூடவே ஒட்டிக்கொள்ளும் ‘பாதுகாப்பு’ப் பழக்கங்களைக் கவனியுங்கள். காலைத் தொங்கவிட்டபடி 15 கிலோமீட்டர் வேகத்தில் ரோட்டோர மணலில் ஊர்வது உங்களுக்குப் பத்திரமாகத் தோன்றும். டயர் வழுக்குவதும், பின்னால் வருபவர் நெருங்கி முந்துவதும் அங்கேதான்.

9. வண்டில உக்காந்ததுமே மூச்சு முட்டுது, கை நடுங்குது. அப்ப என்ன பண்றது?

ஓடிக்கொண்டிருந்தால் இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்துங்கள். தோளைத் தளர்த்தி, மூக்கால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். பெரிது பெரிதாக இழுக்காதீர்கள். வேகமாக ஆழ்ந்து இழுத்தால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரல் மரத்து, தலை இன்னும் சுற்றும். அதைப் பார்த்துப் ‘பழைய அடிதான்’ என்று பயம் இரட்டிப்பாகும்.

பதற்ற அலை பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். அதை நீங்கள் அடக்கத் தேவையில்லை, காத்திருந்தால் போதும். முதல்முறையாக நெஞ்சுவலி, தாடை அல்லது இடது கை வலி, வியர்வையோடு வந்தால் பயம் என்று முடிவு கட்டாமல் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

10. லாரி ஹாரன் கேட்டாலே விழுந்த அந்த நிமிஷம் கண்ணு முன்னால வருது. கனவுலயும் வருது.

முதல் மாதத்தில் இப்படி வருவது சகஜம், பெரும்பாலும் தானாகவே தேயும். ஒரு மாதம் தாண்டியும் நினைவு தானாக வந்து தாக்குவது, அந்தத் தெருவையே தவிர்ப்பது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது, தூக்கம் கெடுவது எல்லாம் சேர்ந்து இருந்தால், விபத்துக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறாக இருக்கலாம். விபத்தே முழுதாக நினைவில் இல்லாதவர்களுக்கும் இது வருவதுண்டு. கேள்வி 8-ன் படிகளைத் தனியாக முயல வேண்டாம். பயிற்சி பெற்ற உளவியலாளரோடு செய்யுங்கள். நன்றாகக் குணமாகும் கோளாறு இது, சகித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

11. அன்னிக்கு ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தேன். அப்படியும் அடிபட்டுச்சே, போட்டு என்ன பிரயோஜனம்? அதே ஹெல்மெட்டைப் போடலாமா?

ஹெல்மெட் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளிவந்த காக்ரேன் அறிக்கை, அது சாவின் அபாயத்தை ஏறக்குறைய 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது. மண்டை உடைவதையும் இரத்தக்கசிவையும் அது நன்றாகத் தடுக்கும். மண்டைக்குள் மூளை அசைவதை முழுதாகத் தடுக்க முடியாது, அதனால் கன்கஷன் வரலாம். அன்று ஹெல்மெட் இல்லாதிருந்தால் நீங்கள் கேட்கும் கேள்வியே வேறாக இருந்திருக்கும்.

அதே ஹெல்மெட் வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு ஒரே ஒரு அடியை வாங்கி நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது. வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும். ஐ.எஸ். 4151 என்று ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ளதை வாங்குங்கள். புருவத்துக்குச் சற்று மேலே டேப்பால் சுற்றளவு எடுத்து, அந்த அளவைக் கேளுங்கள். மாட்டித் தலையை ஆட்டினால் அது தனியாகச் சுற்றக்கூடாது. கன்னத்தில் ஒட்டி நிற்க வேண்டும். வார் மாட்டியபின் தாடைக்கடியில் இரண்டு விரல் போகும் இடம் இருந்தால் போதும்.

12. பையன் ஸ்கூல் டீம்ல கிரிக்கெட் ஆடுறான். பந்து தலையில பட்டுச்சு. அவன் போகணும்கிறான், எனக்குத்தான் அனுப்பப் பயமா இருக்கு.

முதலில் வகுப்பு முழுதாகப் பழைய நிலைக்கு வரவேண்டும், அதன் பிறகே மைதானம். ஆம்ஸ்டர்டாம் நிபுணர்கள் வகுத்த ஆறு படிகள் இவை: அன்றாட வேலைகள், நடை அல்லது சைக்கிள் போன்ற பயிற்சி, தனியாக ஓட்டம், மோதல் இல்லாத அணிப் பயிற்சி, முழுப் பயிற்சி, ஆட்டம். ஒரு படிக்குக் குறைந்தது 24 மணி நேரம். நான்காம் படிக்கு முன் அறிகுறிகள் எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். கிரிக்கெட்டுக்கு இதை இப்படிப் பிரிக்கலாம்: டென்னிஸ் பந்தில் த்ரோ டவுன் (கிட்டே நின்று கையால் எறியும் பந்தை அடிப்பது), பிறகு கார்க் பந்தில் மெதுவான த்ரோ டவுன், பிறகு சுழல், பிறகு வேகம், கடைசியாக ஷார்ட் பால் (முன்னாலேயே குத்தி மேலே எழும்பும் பந்து). பந்திலிருந்து கண்ணை எடுத்து முகத்தைத் திருப்புகிறானா என்று பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். திருப்பினால் ஒரு படி கீழே.

2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. அன்றே திரும்பி வந்து ஆடினார். மறுநாள்தான் கன்கஷன் வெளிப்பட்டது. லபுஷேன் மாற்று வீரராக இறங்கினார். ஸ்மித் அடுத்த டெஸ்டில் ஆடவில்லை. அதற்கடுத்த ஓல்டு டிராஃபோர்டு டெஸ்டில் 211 அடித்தார். உங்கள் பையனுக்கு இதைச் சொல்லும்போது ஆடாமல் விட்ட அந்த டெஸ்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அறிகுறியை மறைத்தால்தான் ஆட முடியாமல் போகும், சொன்னால் திரும்ப ஆடலாம் என்று அவனுக்குப் புரிய வேண்டும்.

13. வீட்ல ஒருத்தர் ‘ஒண்ணுமில்ல, சும்மா பயப்படாதே’ங்கிறார். இன்னொருத்தர் தண்ணிக்குடம்கூடத் தூக்க விட மாட்டேங்கிறார்.

இரண்டுமே உதவாது. முதலாமவரிடம், ‘பயம் வேண்டாம்னு சொல்லாதீங்க, என்கூட அந்த மைதானத்துக்கு வாங்க’ என்று கேளுங்கள். இரண்டாமவரிடம் கேள்வி 2-ன் பட்டியலைக் கொடுத்து, ‘இதுல ஒண்ணு இருந்தா என்னைத் தடுங்க, இல்லேன்னா விடுங்க’ என்று சொல்லுங்கள். ‘தலை எப்படி இருக்கு’ என்று விசாரிப்பதை ஒரு நாளைக்கு ஒருமுறை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

14. மாத்திரை போட்டா பயம் போயிடுமா?

சிலருக்குத் தேவைப்படும். செர்ட்ரலின், எசிடலோபிராம் போன்றவை வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். அல்பிரசோலம், குளோனசெபம் உடனே அமைதி தரும், ஆனால் தள்ளாட்டமும் மறதியும் கூடும், பழக்கமாகியும்விடும். அடிபட்டபின் வலிப்பு வராமலிருக்கத் தரும் லெவெடிரசெட்டம் சிலருக்குக் கோபத்தையும் பதற்றத்தையும் கிளப்பும். அப்படித் தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பயந்து பயந்து மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாராசிட்டமால் போட்டால், மாத்திரையே தலைவலியைத் தொடர வைக்கும்.

ஊரில் மன நல மருத்துவர் இல்லையென்றால் அரசின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம். வாழ்வதே வீண் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள்.

15. எனக்கு இது ரெண்டாவது கன்கஷன். வயசானா மூளை கெட்டுப் போயிடுமா?

ஒருமுறை கன்கஷன் வந்தவர்களுக்கு இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம், ஆறவும் கூடுதல் நாள் ஆகலாம். அதனால் உங்களுக்குப் படிகள் இன்னும் மெதுவாக இருக்க வேண்டும். நீங்கள் பயப்படும் சி.டி.இ. என்ற மூளைத் தேய்வு, குத்துச்சண்டை, அமெரிக்கக் கால்பந்து போன்றவற்றில் ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கான அடி வாங்கியவர்களோடு தொடர்புடையது. இறந்தபின் மூளையை ஆராய்ந்துதான் உறுதி செய்ய முடியும். எந்த ஸ்கேனும் அதை உங்களுக்கு இப்போது சொல்லாது, பணத்தை வீணாக்காதீர்கள். கன்கஷன்களுக்கு இடையே நாள் குறைந்துகொண்டே வந்தாலோ, சின்ன இடிக்கே அறிகுறி வந்தாலோ நரம்பியல் டாக்டரிடம் போய், மோதல் விளையாட்டைத் தொடரலாமா என்று கேளுங்கள். விட்டுவிடுவதே சரி என்ற பதிலும் வரலாம். அதைப் பயம் என்று சொல்லமாட்டோம்.

16. எல்லா இடத்துக்கும் ஓட்டுறேன். விழுந்த அந்த ஒரு வளைவை மட்டும் சுத்திப் போறேன். பரவாயில்லையா?

சுற்றிப் போவதால் ஐந்து நிமிடம்தான் வீண் என்றால் விட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் தவிர்க்கும் இடம் ஒன்றோடு நிற்பதில்லை. கொஞ்ச நாளில் அதுபோன்ற எல்லா வளைவும், பிறகு மழை நாள், பிறகு இரவு என்று பரவும். எனவே முதலில் பகலில் நடந்து போய் அங்கே நில்லுங்கள். எதனால் விழுந்தீர்கள் என்று பாருங்கள். மணல் இன்னும் கிடக்கிறதா? பள்ளம் மூடப்பட்டதா? எதிர்ப்பக்கம் தெரியாதபடி கட்டடம் மறைக்கிறதா? இடம் உண்மையிலேயே மோசம் என்றால் சுற்றிப் போவது புத்திசாலித்தனம், அதைப் பயக்கணக்கில் சேர்க்க வேண்டாம். இடம் சரியாக இருந்தால் காலை ஏழு மணிக்கு ஒரே நாளில் நாலைந்து முறை அதைக் கடந்து வாருங்கள். ஒவ்வொரு முறையும் கேள்வி 8-ன் இரண்டு வரியை எழுதுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போய்ப் பழகுங்கள்.